365 படி, ஒரு பாட்டு: திருத்தணியில காப்பாத்தப்பட்டது எது?

இந்த எபிசோட்ல ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கப் போறோம். ஒரு பழைய கோயிலைப் பாதுகாக்கணும்னா என்ன செய்வோம்? சுத்தி வேலி போடுவோம், ஒரு நீலப் பலகை வைப்போம், சுவர்ல பெயர் கிறுக்கினா அபராதம்னு எழுதுவோம். சரி, ஒரு பாட்டைப் பாதுகாக்கணும்னா என்ன செய்வோம்? பாட்டைச் சுத்தி வேலி போட முடியாது. அது பாடறவங்க தொண்டையில இருக்கு, பாடி முடிச்சதும் காத்துல போயிடுது. அடுத்த ஆள் கத்துக்கலேன்னா, அவ்வளவுதான்.

இதுக்குப் பதில் தேடி நாம போகப்போற ஊர் திருத்தணி. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியா ரயில்ல போனா சுமார் ரெண்டு மணி நேரம். முருகனோட அறுபடை வீடுகள்ல ஒண்ணு. சூரனோட போர் முடிஞ்சு முருகன் கோபம் தணிஞ்ச இடம், அதனாலதான் தணிகைன்னு சொல்லுவாங்க. கந்த சஷ்டிக்கு மத்த முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கும், இங்க நடக்காது. ஊர்க்காரங்க மலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற குன்றுகளைக் காட்டி, வெளுப்பா இருக்கிறது பச்சரிசி மலை, கறுப்பா இருக்கிறது பிண்ணாக்கு மலைன்னு சொல்லுவாங்க. நடுவுல இருக்கிற மலைக்கு ஏற 365 படி. வருஷத்துல ஒரு நாளைக்கு ஒரு படின்னு கணக்கு.

அந்தப் படிகள்ல வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஒரு விழா நடக்குது. திருப்புகழ்த் திருப்படித் திருவிழா. மெரினாவுலயும் ஈ.சி.ஆர்லயும் ஜனங்க பன்னிரண்டு மணிக்காகக் காத்திருக்கிற அதே நேரத்துல, இங்க பஜனைக் குழுக்கள் அடிவாரத்துல கூடுவாங்க. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, கற்பூரம் ஏத்தி, திருப்புகழ் பாடுவாங்க. அடுத்த படி, அடுத்த பாட்டு. இப்படியே மேல போவாங்க.

இதைப் பார்த்தா ஏதோ ஆயிரம் வருஷமா நடக்கிற சடங்கு மாதிரி தோணும். உண்மையில இதுக்கு நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல தான் வயசு. அது எப்படித் தொடங்குச்சுங்கிறது தான் இன்னைக்குக் கதை. ஆனா அதுக்கு முன்னாடி, இதே ஊர்ல இருக்கிற இன்னொரு பாட்டைப் பார்த்துடலாம்.

கல்லுல இருக்கிற பாட்டு

திருத்தணியில மலைக்கோயிலைத் தவிர வீரட்டானேசுவரர் கோயில்னு ஒரு சின்னச் சிவன் கோயில் இருக்கு. மலைக்கு வர்ற கூட்டத்துல பெரும்பாலானவங்க அந்தப் பக்கம் போறதில்ல. 9-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில, பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்துல, நம்பி அப்பிங்கிறவர் கட்டின கற்றளி. அங்க ஒரு தமிழ் வெண்பா கல்லுல வெட்டியிருக்கு. அதை மன்னனே பாடினதா அந்தக் கல்வெட்டே சொல்லுது. காஞ்சியை ஆண்ட பல்லவ வம்சத்தோட கடைசி அரசர்கள்ல ஒருத்தர் தமிழ்ல எழுதின ஒரு கவிதை, பதினோரு நூற்றாண்டு கடந்து, எழுத்து எழுத்தா நம்ம கையில இருக்கு.

பாதுகாப்புன்னு பார்த்தா இதை விட நல்ல பாதுகாப்பு கிடையாது. ஆனா அந்த வெண்பாவை இன்னைக்கு யார் பாடறாங்க? எந்தத் திருவிழாவுல, எந்த வீட்டுல? கல்வெட்டு படிக்கிறவங்களுக்குத் தெரியும், வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். எழுத்து பிழைச்சுது, பாட்டு பிழைக்கல.

திருப்புகழுக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். எழுத்து கிட்டத்தட்ட தொலைஞ்சே போச்சு.

ஒரு முன்சீஃப் தேடின பாட்டுகள்

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். திருவண்ணாமலையில தொடங்கி ஊர் ஊரா முருகன் கோயில்களுக்குப் போய்ப் பாடினவர். 16,000 பாட்டு பாடினார்னு ஒரு மரபு சொல்லுது. இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது 1,300-க்குச் சொச்சம். திருத்தணிக்கு மட்டும் 60-க்கும் மேல பாட்டு இருக்கு.

இந்த 1,300-உம் எப்படிக் கிடைச்சுது? 19-ஆம் நூற்றாண்டுல திருப்புகழ்னு ஒரு முழு நூல் யார்கிட்டயும் கிடையாது. ஒரு ஓதுவார்கிட்ட நாலு பாட்டு, ஒரு மடத்து ஓலைச்சுவடியில பத்துப் பாட்டு, ஒரு வீட்டுப் பரண்ல கொஞ்சம்னு சிதறிக் கிடந்துது. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை, 1846-ல பிறந்தவர், நீதித்துறையில வேலை பார்த்தவர், பின்னாள்ல மாவட்ட முன்சீஃப். 1871-ல ஒரு வழக்குல சிதம்பரம் தீட்சிதர்கள் தரப்புல தங்களோட பெருமைக்கு ஆதாரமா ஒரு திருப்புகழ்ப் பாட்டை எடுத்துக் காட்டினாங்க. அந்தப் பாட்டு அவரைப் பிடிச்சு உலுக்கிடுச்சு. இப்படிப்பட்ட பாட்டு இன்னும் எத்தனை இருக்கும்னு தேடத் தொடங்கினார்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கோர்ட் ஆவணத்துல வந்த பாட்டு, ஒரு அரசு ஊழியரோட வாழ்நாள் தேடலா மாறிடுச்சு. அவர் வேலை மாற்றல்ல போன ஊர்கள்ல எல்லாம் சுவடி தேடினார், ஆள் அனுப்பினார், கேட்டு எழுதிக்கிட்டார், ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டார். 1890-களின் நடுவுல முதல் தொகுதி அச்சுல வந்துது, 1900-களின் தொடக்கத்துல ரெண்டாவது. 1909-ல அவர் இறந்தப்புறம் பிள்ளைகள் அந்த வேலையைக் கையில எடுத்தாங்க. அதுல ஒருத்தர் பேர் செங்கல்வராய பிள்ளை. செங்கல்வராயன்ங்கிறதே திருத்தணி முருகனோட பேர் தான். தமிழ் உலகம் அவரைத் 'தணிகைமணி'ன்னு கூப்பிட்டுது. 1883-லேர்ந்து 1972 வரைக்கும் வாழ்ந்தவர். திருப்புகழுக்கு உரையோட பதிப்பு போட்டவர். அருணகிரிநாதர் வரலாற்றை ஆராய்ஞ்சு 1947-ல நூல் எழுதினவர்.

அப்பா தொடங்கினதைப் பிள்ளை முடிச்சார். சுமார் நூறு வருஷம், ஒரே குடும்பம். இதுக்கு யாரும் திட்டம் போடல, நிதி ஒதுக்கல. ஒரு குடும்பத்தோட பிடிவாதம், அவ்வளவுதான்.

வந்துது வரி, வரல மெட்டு

இங்க ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. கவனமாக் கேளுங்க.

திருப்புகழ்ப் புத்தகத்தைத் திறந்தா, ஒவ்வொரு பாட்டுக்கும் மேல ஒரு வரி இருக்கும். தனதன, தானன, தத்தன அப்படின்னு அர்த்தம் இல்லாத அசைகள். அதுக்குச் சந்தக் குழிப்புன்னு பேரு. அந்தப் பாட்டு எந்த அளவுல நடக்கும்னு சொல்ற வாய்பாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்த வகைகள் திருப்புகழ்ல இருக்குன்னு சொல்லுவாங்க. தமிழ்ல குறில், நெடில், வல்லினம், மெல்லினம் எல்லாம் எங்க விழணும்னு அந்த வாய்பாடு கறாரா சொல்லிடும். ஒரு சொல்லை மாத்தினா சந்தம் இடிக்கும். ஏடு எழுதினவர் தப்பா எழுதியிருந்தாலும், 'இந்த இடத்துல சந்தம் தட்டுது, இங்க ஏதோ பிழை இருக்கு'ன்னு பதிப்பாசிரியர் கண்டுபிடிச்சுடலாம். அதாவது, பாட்டே தனக்குள்ள ஒரு பூட்டு போட்டு வெச்சிருக்கு.

ஆனா ராகம்? மெட்டு? அருணகிரிநாதர் இதை எந்த மெட்டுல பாடினார்? அது எந்தச் சுவடியிலயும் இல்ல. இந்தக் காலத்துப் பாஷையில சொன்னா, பீட் டிராக் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு, லிரிக்ஸ் வந்துடுச்சு, ட்யூன் வரல.

இதே மலையோட சம்பந்தப்பட்ட இன்னொருத்தரை இங்க பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். முத்துசுவாமி தீட்சிதர், 1835-ல காலமானவர், கர்நாடக இசையின் மும்மூர்த்திகள்ல ஒருத்தர். அவரோட முதல் கீர்த்தனை பிறந்த இடம் திருத்தணி. ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட்டார், கண்ணைத் திறந்தா ஆள் இல்ல, வாயில பாட்டு வந்துதுன்னு கர்ண பரம்பரைக் கதை. மாயாமாளவகௌளை ராகம், சமஸ்கிருதப் பாட்டு. அவரோட முத்திரையே 'குருகுஹ', அதாவது முருகன். அவர் பாட்டுகள் ராகத்தோட நமக்கு எப்படிக் கிடைச்சுது? குரு சொல்ல சிஷ்யர் கத்துக்கிட்ட சங்கிலி ஒண்ணு. கூடவே, அவர் தம்பி வழி வாரிசான சுப்பராம தீட்சிதர் 1904-ல எட்டயபுரத்துல வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. அதுல ஸ்வரம், கமகம் எல்லாம் குறிப்பெழுதி அச்சாச்சு. தமிழ்நாட்டுக்காரர் இயற்றின சமஸ்கிருதப் பாட்டு, தெலுங்கு எழுத்துல அச்சான புத்தகம். தென்னிந்தியப் பாரம்பரியம்னா இப்படித்தான் இருக்கும். யாரும் தனியாச் சொந்தம் கொண்டாட முடியாது.

ஆக, மூணு பாட்டு, மூணு விதமான விதி. அபராஜிதன் வெண்பாவுக்கு எழுத்து இருக்கு, பாடற ஆள் இல்ல. தீட்சிதர் கீர்த்தனைக்கு எழுத்தும் இருக்கு, மெட்டும் இருக்கு, சிஷ்யப் பரம்பரையும் இருக்கு. திருப்புகழுக்கு எழுத்து தேடிக் கிடைச்சுது, தாளம் உள்ளேயே இருந்துது, மெட்டு போயிடுச்சு. அப்போ அதுக்கு உயிர் குடுத்தது யாரு?

அரண்மனைச் சமையல்காரர் ஒருத்தர்

1870-ல கொங்கு நாட்டுப் பக்கம் பிறந்தவர் அர்த்தநாரி. பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர். வாழ்க்கையில அடுத்தடுத்து இழப்பு, தீராத வயித்து வலி. பழநிக்குப் போனவர் காதுல ஒரு திருப்புகழ் விழுந்துதுன்னும், அதுவே அவரைத் திருப்பிடுச்சுன்னும் அவர் வரலாறு சொல்றவங்க சொல்லுவாங்க. திருவண்ணாமலையில ரமணரையும் சேஷாத்ரி சுவாமிகளையும் பார்த்தார். 'உனக்குத் திருப்புகழே மந்திரம்'னு சேஷாத்ரி சுவாமிகள் சொல்லி வள்ளிமலைக்கு அனுப்பினதா மரபு. வயசான காலத்துல, இந்தப் பாட்டுகளைப் படிக்கணும்ங்கிறதுக்காகவே தமிழ் எழுத்துக் கூட்டிப் படிச்சுக் கத்துக்கிட்டார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள்னு நாம சொல்றது இவரைத்தான்.

இவர் கையில இருந்தது என்ன தெரியுமா? அந்த முன்சீஃப் பதிப்பிச்ச புத்தகம். சுப்பிரமணிய பிள்ளை அச்சுல கொண்டு வரலேன்னா, சுவாமிகள் கையில பாட்டு இல்ல. சுவாமிகள் பாடலேன்னா, அந்தப் புத்தகம் நூலகத்துல தூசி படிஞ்சிருக்கும். இந்த ரெண்டு பேரும் சேர்ந்தது தான் திருப்புகழோட மறுபிறப்பு.

இப்போ 1917. வெள்ளைக்காரங்க ஆட்சி. ஜனவரி 1 வந்தா, அதிகாரிகளும் பெரிய மனுஷங்களும் மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கிட்டு துரை பங்களாவுக்குப் போய் வாழ்த்து சொல்லிட்டு வர்றது வழக்கம். சுவாமிகள் கேட்டதுல சாரம் இதுதான்: அந்தத் துரையைப் பார்க்கப் போற நீங்க, எல்லாத் துரைக்கும் பெரிய துரை மலை மேல இருக்கிறப்ப அவரைப் பார்த்தா என்ன? 1917 டிசம்பர் 31 ராத்திரி, படிக்கு ஒரு பாட்டா திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறத் தொடங்கினாங்க. அன்னைக்குத் தொடங்கினது இன்னைக்கு வரைக்கும் நடக்குது.

இதுல ரெண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒண்ணு, அவர் ஆங்கிலக் காலண்டரைத் திட்டலை. 'அது நம்ம புத்தாண்டு இல்ல'ன்னு ஒதுங்கலை. ஜனங்களுக்கு ஏற்கெனவே லீவு இருந்த நாள், ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்த நாள். அந்தப் பழக்கத்துக்குள்ள புகுந்து திசையை மட்டும் மாத்தினார். துரை பங்களா வாசல்ல நின்ன கால்கள் மலைப்படிக்கு வந்துச்சு. காலனி ஆட்சியில இதை ஒரு சின்ன அரசியல்னும் சொல்லலாம். கோஷம் இல்ல, மறியல் இல்ல. யாருக்கு முன்னாடி நாம குனியறோம்ங்கிறதை மட்டும் மாத்திட்டாங்க.

ரெண்டாவது விஷயம், ஒரு கணக்கு. ஒரு பாட்டுக்கு மூணு நிமிஷம்னு வெச்சாலும் 365 பாட்டுக்கு 18 மணி நேரம் ஆகும். ஒரு ஆளால முடியாது, ஒரு குழுவாலயும் சுலபமா முடியாது. பல குழுக்கள் வரணும், பகிர்ந்துக்கணும், ஒருத்தர் தொண்டை கட்டினா அடுத்தவர் எடுக்கணும். அதோட, படிக்கு ஒரு பாட்டுன்னா நாலஞ்சு பிரபலப் பாட்டை வெச்சு ஓட்ட முடியாது. 365 வேற வேற பாட்டு யாருக்காவது தெரிஞ்சிருக்கணும். இந்த விழாவோட அமைப்பே அதிகம் பேரையும் அதிகப் பாட்டையும் கேட்குது. மறந்துபோன பாட்டுகளை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டு வர இதை விட நல்ல வழியை ஒரு கமிட்டி உட்கார்ந்து யோசிச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்காது.

மெட்டு போட்டவங்க

சரி, மெட்டு இல்லாத பாட்டை எப்படிப் பாடினாங்க? புதுசா மெட்டு போட்டாங்க. அவ்வளவுதான்.

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை, 1934-ல காலமானவர், லயத்துல புலி. திருப்புகழோட சிக்கலான தாளங்களைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தார். அவர் சிஷ்யர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பேர்லயே ஊர் இருக்கு, திருத்தணிக்கு அந்தப் பக்கத்துக்காரர், அந்த வழியைத் தொடர்ந்தார். வழக்கறிஞரா இருந்து பின்னாள்ல திருவிதாங்கூர்ல தலைமை நீதிபதியான டி.எம். கிருஷ்ணசாமி ஐயர் பஜனைக் குழுக்கள்ல திருப்புகழைப் பரப்பி 'திருப்புகழ்மணி'ன்னு பேர் வாங்கினார். டெல்லியில அ.ச. ராகவன் பல நூறு பாட்டுகளுக்கு ராகமும் தாளமும் அமைச்சு, 'திருப்புகழ் அன்பர்கள்'ங்கிற பேர்ல வகுப்பு வகுப்பா சொல்லிக் குடுத்தார். தமிழ்நாட்டுக்கு வெளியில வளர்ந்த பிள்ளைகள் நிறைய பேர் திருப்புகழ் கத்துக்கிட்டது அந்த வகுப்புகள்ல தான். 1964-ல அருணகிரிநாதர்னு ஒரு படம் வந்துது, டி.எம். சௌந்தரராஜன் தானே நடிச்சுப் பாடினார். 'முத்தைத்தரு' பாட்டு உங்க காதுல இன்னைக்கு ஒலிக்குதுன்னா, அது பெரும்பாலும் அந்தச் சினிமா மெட்டு தான்.

இப்போ சிலர் கேட்பாங்க: அப்படின்னா இது 'ஒரிஜினல்' இல்லையே? 15-ஆம் நூற்றாண்டு வரி, 19-ஆம் நூற்றாண்டு அச்சு, 20-ஆம் நூற்றாண்டு மெட்டு, ஆங்கிலக் காலண்டர்ல விழா. இது எப்படிப் பாரம்பரியம்?

1983-ல எரிக் ஹாப்ஸ்பாம், டெரன்ஸ் ரேஞ்சர்னு ரெண்டு வரலாற்று ஆசிரியர்கள் தொகுத்த ஒரு புகழ்பெற்ற நூல் வந்துது. 'காலங்காலமா இருக்கு'ன்னு நாம நினைக்கிற நிறைய மரபுகள் சமீபத்துல கண்டுபிடிக்கப்பட்டவைன்னு அதுல காட்டினாங்க. அதைப் படிச்சிட்டு எல்லாத்தையும் 'பொய்'னு தள்ளிவிடற ஒரு பழக்கமும் நம்மகிட்ட இருக்கு. என்னோட பார்வை வேற. ஒரு மரபு எப்பத் தொடங்குச்சுங்கிறது ஒரு கேள்வி. அது இப்போ யாருக்குச் சொந்தம், யார் அதைச் செய்யறாங்கங்கிறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு நேர்மையா 1917-னு சொல்லிடலாம். ரெண்டாவது கேள்வியில தான் உயிர் இருக்கு.

சுவாரசியம் என்னன்னா, யுனெஸ்கோவும் இதே தான் சொல்லுது. 2003 அக்டோபர்ல யுனெஸ்கோ ஒரு உடன்படிக்கை கொண்டு வந்துது, தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபைப் பாதுகாக்கிறதுக்காக. இந்தியா 2005-ல சேர்ந்துது. தாஜ்மஹால் மாதிரி கட்டடங்களுக்கான 1972 உடன்படிக்கையிலேர்ந்து இது வேற. இதுல 'அசல்'ங்கிற சோதனை கிடையாது. எந்த மக்கள் அதைத் தங்களோட மரபுன்னு ஏத்துக்கிறாங்களோ, தலைமுறை தலைமுறையா கைமாத்தறாங்களோ, காலத்துக்கு ஏத்த மாதிரி மறுபடி மறுபடி படைச்சுக்கிறாங்களோ, அது தான் மரபுன்னு சொல்லுது. அந்த மக்களோட பங்கேற்பு இல்லாம பாதுகாப்பே இல்லைங்கிறது அதோட அடிப்படை. கூடியாட்டமும் ராம்லீலாவும் அந்தப் பட்டியல்ல இருக்கு. திருப்புகழ் இல்ல. ஆனா உடன்படிக்கை கேட்கிறதை வள்ளிமலை சுவாமிகள் 86 வருஷம் முன்னாடியே செஞ்சு முடிச்சுட்டார்.

'உள்ளூர் மக்கள்' யாரு?

'உள்ளூர் மக்களே பாதுகாக்கணும்'னு சொல்றது சுலபம். திருத்தணி மாதிரி ஒரு ஊர்ல உள்ளூர் மக்கள் யாருங்கிறதே ஒரு வரலாறு.

படி விழா தொடங்கின 1917-ல திருத்தணி இருந்தது சித்தூர் மாவட்டத்துல. அந்த வட்டாரம் கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவுல பேசற ஊர். 1888-ல இங்க பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனோட வீட்டு மொழி தெலுங்கு. 1953 அக்டோபர் 1-ல ஆந்திர மாநிலம் பிறந்தப்போ, சித்தூர் மாவட்டத்தோட திருத்தணியும் அந்தப் பக்கம் போயிடுச்சு.

அதுக்கு முன்னாலேயே இந்த வட்டாரத்துல ஒரு தமிழாசிரியர் கிராமம் கிராமமா நடந்து தமிழ் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தார். மங்கலங்கிழார். தெலுங்கு மட்டுமே சொல்லிக் குடுத்த பள்ளிக்கூடங்களுக்கு நடுவுல, தமிழ்ச் சங்கம் வெச்சு, பெரியவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எழுத்து சொல்லிக் குடுத்தார். ம.பொ.சி.யோட தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினப்போ, களத்துல அதுக்கு வேர் இருந்தது இவர் உருவாக்கின வகுப்புகள்ல தான். ஆனா முடிவைப் பார்க்க அவர் இல்ல, 1953-லயே காலமாயிட்டார். எல்லைச் சிக்கலை எச்.வி. படாஸ்கர் விசாரிச்சார், 1959-ல சட்டம் வந்துது, 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்துது. பதிலுக்கு சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்குப் போச்சு. திருப்பதி அங்கேயே இருந்துடுச்சு.

கோடு மாறுச்சு, மலையேறறவங்க மாறல. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து லட்சக்கணக்குல வர்றவங்கள்ல சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் இன்னைக்கும் நிறைய. அவங்களுக்கும் இது சுப்பிரமண்ய சுவாமி கொண்டா தான். மொழிக்காகப் போராடினது சரியான போராட்டம்; அது இல்லேன்னா அங்க இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்ல. ஆனா மரபைக் காப்பாத்தறப்போ 'நாங்க மட்டும் தான் உள்ளூர்'னு யாராவது சொன்னா, இந்த ஊரோட வரலாறு அதை ஒத்துக்காது.

பக்கத்து ஊர்ல ஒரு பள்ளிக்கூடம்

இளைஞர்கள் விஷயத்துக்கு வரலாம். திருத்தணிக்குத் தெற்கே காஞ்சிபுரம். இந்த வட்டாரம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்கள், தீமிதி, ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து. எல்லைக்கு அந்தப் பக்கமும் கூத்து உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்னு ஒரு ஊர். 1990-ல கூத்துக் கலைஞர்களே சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம்னு ஒண்ணு தொடங்கினாங்க, அதுல பி. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் முக்கியமானவங்க. 2002-ல ஒரு குருகுலம் வந்துது. கிராமத்துப் பிள்ளைகள், பையன்களும் பொண்ணுங்களும், பள்ளிப் பாடத்தோட சேர்த்துக் கூத்தும் கத்துக்கிட்டாங்க. ஆண்கள் மட்டும் ஆடின ஒரு கலையில பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினது சின்ன விஷயம் இல்ல.

அந்தக் குருகுலம் 2020-ல மூடப்பட்டுச்சு. சங்கம் இருக்கு, கலைஞர்கள் ஆடறாங்க, ஆனா தங்கிப் படிக்கிற அந்தப் பள்ளிக்கூடம் இப்போ இல்ல. ஏன் இதைச் சொல்றேன்னா, 'இளைஞர்கள் ஆர்வம் காட்டலை'ன்னு நாம ரொம்பச் சுலபமாச் சொல்லிடறோம். அங்க ஆர்வத்துக்குக் குறைவே இல்ல. ஒரு பிள்ளை பத்து வருஷம் ஒரு கலையைக் கத்துக்கணும்னா அதுக்குச் சாப்பாடு வேணும், சான்றிதழ் வேணும், முடிச்சப்புறம் ஒரு வேலை வேணும். ஆர்வம் மட்டும் வெச்சு ஒரு நிறுவனம் ரொம்ப நாள் ஓடாது. மரபைப் பாதுகாக்கிறது பற்றிப் பேசற யாரும் இந்தச் செலவுக் கணக்கைப் பேசாம நகர முடியாது.

திருத்தணிப் படி விழா நூறு வருஷம் தாண்டினதுக்கு இதோட ஒப்பிட்டா ஒரு காரணம் தெரியும். அது யாரையும் முழு நேரம் கேட்கலை. வருஷத்துக்கு ஒரு ராத்திரி, மத்த நாள்ல வாரத்துக்கு ஒரு மணி நேரம் பஜனை வகுப்பு. குமாஸ்தாவும் டீச்சரும் பேங்க் ஊழியரும் தாங்குற அளவுக்குத் தான் அதோட பாரம். கூத்துக்கு அப்படி முடியாது. அதுக்கு உடம்பு முழுக்க வேணும். எல்லா மரபுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஸ்பீக்கரும் தொண்டையும்

அப்போ திருப்புகழுக்கு இப்போ ஆபத்தே இல்லையா? இருக்கு. அது வேற ரூபத்துல வருது.

இன்னைக்குத் திருப்புகழ் தொலையறதுக்கு வாய்ப்பே இல்ல. எல்லாப் பாட்டும் இணையத்துல இருக்கு, உரையோட, ஒலியோட. சுவாமிகள் இன்னொண்ணும் செஞ்சார்: அருணகிரிநாதரோட வேல் வகுப்புல இருக்கிற 16 அடிகளை முன்னும் பின்னும் மாத்தி அடுக்கி, ஒவ்வொரு அடியும் நாலு தடவை வர்ற மாதிரி 64 அடியா ஆக்கினார். அது தான் வேல்மாறல். இன்னைக்கு யூடியூப்ல அதைக் கேட்கிறவங்க எத்தனையோ பேர், ஹெட்ஃபோன்ல போட்டுக்கிட்டு ஆபீஸ் போறவங்க கூட இருக்காங்க. நல்லது தான்.

ஆனா கேட்கிறது வேற, பாடறது வேற. ஒலிப்பதிவுங்கிறது இந்தக் காலத்துக் கல்வெட்டு. அபராஜிதன் வெண்பா மாதிரி அது பிழையில்லாம இருக்கும், யாரும் பாடாமலேயே இருக்கும். நல்லா பாடின ஒரே ஒரு குரல் எல்லா ஸ்பீக்கர்லயும் வந்துட்டா, பக்கத்து வீட்டு மாமியோட சுமாரான குரலுக்கு இடம் போயிடும். அந்தச் சுமாரான குரல்கள் ஆயிரம் சேர்ந்து தான் நூறு வருஷமா இந்தப் பாட்டைத் தூக்கிட்டு வந்திருக்கு. படிக்கு ஒரு பாட்டுங்கிற அந்தப் பழைய ஏற்பாட்டை ஒரு பென் டிரைவ் மூணு நிமிஷத்துல செஞ்சுடும். அன்னைக்கு விழா இருக்கும், பாட்டு இருக்கும், பாடற ஆள் மட்டும் இருக்க மாட்டாங்க.

அதனால, இதைக் கேட்கிற உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம். பக்தி இருக்கா இல்லையாங்கிறது உங்க சொந்த விஷயம். நான் அதுக்குள்ள வரலை. ஒரு திருப்புகழை எடுத்துக்கோங்க. முதல்ல வரியை விட்டுடுங்க, மேல இருக்கிற சந்தக் குழிப்பைக் கையில தாளம் போட்டுக்கிட்டுச் சொல்லுங்க. அது நாக்குல உட்கார்ந்ததும் வரியைச் சேருங்க. நாக்கு குழறும், பரவாயில்லை. ஒரு பாட்டு வந்ததும் உங்களை விடச் சின்னவங்க ஒருத்தருக்குச் சொல்லிக் குடுங்க. மெட்டு வேணும்னா நீங்களே போடுங்க. இதுல அசல் மெட்டுன்னு யாரும் உங்களோட சண்டைக்கு வர முடியாது, ஏன்னா அது யார்கிட்டயும் இல்ல. கிட்டார்ல போட்டாலும் சரி, சந்தம் தட்டாம இருந்தா போதும்.

1,300 பாட்டு இருக்கு, 365 படி இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை ஏறினா, எல்லாப் பாட்டையும் ஒரு சுத்து பாடி முடிக்க கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆகும். பாடறதுக்கு ஆள் தான் வேணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.